கைரேகை எங்கே இருக்க வேண்டும்?

அரசு தரும் அடையாள ஆவணங்களில் கைரேகையும் கருவிழிப் பதிவும் சேர்ந்த பிறகு, அவற்றின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அட்டையைச் சுற்றியே நடக்கிறது. போலி அட்டை அடிக்க முடியுமா, அதிலுள்ள சிப்பை வேறொருவர் படித்துவிடுவாரா என்றெல்லாம் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அட்டையில் நேரும் பிழையைத் திருத்த வழி உண்டு. அட்டைக்குப் பின்னால் அரசு சேர்த்துவைக்கும் மையத் தரவுத்தளம் களவுபோனால் அதை ஈடுகட்ட வழியே இல்லை. இந்த வேறுபாடு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கவலை.

முதலில் அட்டையையே பார்ப்போம். பாஸ்போர்ட்டின் முகப்படப் பக்கத்தின் அடியில், எழுத்துகளும் எண்களும் கோணக் குறிகளும் கலந்த இரண்டு வரிகள் இருக்கும். அவற்றிலுள்ள பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் கொண்டுதான் முதல் தலைமுறை மின்னணு பாஸ்போர்ட்டின் சிப்பைத் திறக்கும் சாவி உருவாக்கப்பட்டது. அந்தப் பக்கத்தின் நகல் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் சாவியும் இருக்கிறது என்று பொருள். நகல் இல்லாதவர்கூட, சிப்பும் அதைப் படிக்கும் கருவியும் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்து, பிறகு ஆற அமர ஊகித்துப் பார்க்கலாம். சிப்பும் கருவியும் பேசிக்கொள்வதற்குப் பின்னர் வந்த ‘பேஸ்’ என்னும் புதிய முறை இந்த இரண்டாவது வழியை அடைத்தது. கைரேகைப் படத்துக்கு, நாட்டின் சான்றிதழ் பெற்ற கருவி மட்டுமே திறக்கக்கூடிய கூடுதல் பூட்டும் வந்தது. 2008இல், எப்போதோ மறைந்துவிட்ட அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் படம் ஏற்றப்பட்ட போலி சிப் ஒன்றை ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தின் தானியங்கிக் கருவி ஏற்றுக்கொண்டது. வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையொப்பத்தை உரிய முறையில் சரிபார்க்காத கருவியின் குறை அது. கருவியைச் சீர்செய்தால் தீரக்கூடியது.

2017இல் எஸ்டோனியாவில் நடந்தது இன்னும் பெரியது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எஸ்டோனிய அடையாள அட்டைகளின் சிப் தனக்கான ரகசியச் சாவியை உருவாக்கும் முறையில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 7,50,000 அட்டைகள் பாதிக்கப்பட்டிருந்தன. நவம்பர் மாதத்தில் அரசு, அந்தச் சாவிகள் செல்லும் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது. மக்கள் வீட்டுக் கணினியிலிருந்தே புதிய சான்றிதழை ஏற்றிக்கொள்ளவும் முடிந்தது. நெருக்கடிதான், ஆனால் கடந்துவர முடிந்த நெருக்கடி. பழைய சாவியைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிய சாவியை வைக்க முடிந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

இதே நிலை கைரேகைத் தொகுப்புக்கு வந்தால் என்ன செய்வது? அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவுபோனதாக 2015இல் அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. அவர்களில் பலர் ரகசியப் பணிகளுக்கான பின்னணி விசாரணைக்காக விரலைப் பதித்தவர்கள். அவர்களுக்குப் புதிய விரல்களை யாரும் வழங்க முடியாது. பத்து ஆண்டுகள் கழித்தும், வேறொரு நாட்டில் வேறொரு பெயரில் இருந்தாலும், அந்த ரேகை அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

ரேகையின் படம் இருந்தால் மட்டும் போதாது, உயிருள்ள விரல் வேண்டும் என்று சொல்வோர் உண்டு. ஜப்பானின் சுதோமு மாட்சுமோட்டோ குழுவினர் 2002இலேயே ஜெலட்டினால் செய்த விரல்களைக் கொண்டு அன்றைய கருவிகள் பலவற்றை ஏமாற்றிக் காட்டினார்கள். 2008இல் ஜெர்மனியின் கணினி ஹேக்கர்கள் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், பாஸ்போர்ட்டில் கைரேகையை வலியுறுத்திய உள்துறை அமைச்சரின் ரேகையையே ஒரு தண்ணீர்க் குவளையிலிருந்து எடுத்துத் தன் இதழில் அச்சிட்டது. இந்தியாவில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைநாட்டுகளை எடுத்து, அவற்றின் அச்சைச் செய்து, ஆதார்வழி வங்கிச் சேவையின் மூலம் பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் பதிவாகியுள்ளன. உயிருள்ள விரலா என்று சோதிக்கும் உணரிகள் முன்னேறிவருகின்றன, உண்மைதான். ஆனால் ஏமாற்றும் முறைகளும் உடன் வளர்கின்றன. ரேகை மட்டும் அதேதான்.

திருட்டைவிட எனக்கு அதிக அச்சம் தருவது ஆட்சி மாற்றம். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் கருவிழி, கைரேகை, முகம் ஆகியவற்றைப் பதியும் கையடக்கக் கருவிகளைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட கருவிகள் சில இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. ஜெர்மானிய ஆய்வாளர்கள் வாங்கிய ஒன்றில் 2,632 பேரின் விவரங்கள் குறியாக்கம்கூட இல்லாமல் கிடந்தது 2022இல் வெளியே தெரிந்தது. அந்தப் படையுடன் பணியாற்றியவர்களைத் தேடும் தலிபான் 2021இலேயே காபூலைக் கைப்பற்றிவிட்டிருந்தது. நல்ல நோக்கத்தோடு பதிந்த அரசு போய்விடும். பதிவு அடுத்து வருபவர் கைக்குப் போகும்.

ஆகவே ரேகை இருக்க வேண்டிய இடம் உரியவரின் அட்டை மட்டுமே என்பது என் நிலைப்பாடு. விரலையும் அட்டையிலுள்ள பதிவையும் அங்கேயே ஒப்பிட்டுவிட்டால், ‘இந்த அட்டை இவருடையதுதானா’ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஒருவரே பல பெயர்களில் அட்டை வாங்குவதைத் தடுக்க மையத் தொகுப்பு வேண்டும் என்பது மறுதரப்பின் வலுவான வாதம். அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் சிலரின் மோசடியைப் பிடிப்பதற்காக எல்லோருடைய ரேகையையும் என்றென்றைக்கும் பணயம் வைப்பது நியாயமான பேரம் அல்ல.

இதை அரசுகளால் செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. நெதர்லாந்து 2011இல் பாஸ்போர்ட் ரேகைகளைச் சேமித்துவைப்பதைக் கைவிட்டது. அதே ஆண்டில் பிரிட்டன் தன் தேசிய அடையாளப் பதிவேட்டின் வன்தட்டுகளை இயந்திரத்தில் இட்டுத் துண்டு துண்டாக்கியது. அட்டை தயாரிப்பதற்காகச் சேமித்த ரேகைகளை அட்டை வழங்கிய 90 நாட்களுக்குள் அழித்துவிட வேண்டும் என்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு அடையாள அட்டை விதி. ஆனால் பிற சட்டங்களின்படி வேறு தேவை இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்ற விலக்கும் அந்த வாக்கியத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எந்த நாட்டில் இத்தகைய சட்டம் வந்தாலும், அதில் நான் முதலில் தேடிப் படிப்பதும் எதிர்ப்பதும் அந்த விலக்கைத்தான்.