நிலக் காப்புப் பத்திரம்: எங்கே கோட்டை விடுகிறார்கள்

அமெரிக்காவில் ஒரு விவசாயி நிலத்தை விற்காமலே, அதில் இனி எவரும் பிளாட் போட முடியாதபடி செய்துவிடலாம். இதற்கு கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று பெயர். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை பிரிக்கும் உரிமையும், பத்திரம் அனுமதிக்காத கட்டடம் எழுப்பும் உரிமையும்தான் போகும். அந்த உரிமை ஒரு லேண்ட் டிரஸ்ட்டிடமோ (நிலத்தைக் காக்கும் தொண்டு அமைப்பு) அரசு அமைப்பிடமோ போய்ச் சேரும். அவர்களும் அதை அனுபவிக்க முடியாது, காவல் காக்கத்தான் முடியும். நிலம் எத்தனை கை மாறினாலும் பத்திரம் கூடவே வரும். ஊர்க்காரர்களையெல்லாம் உள்ளே விட வேண்டியிருக்குமோ என்று பலர் பயப்படுகிறார்கள். விவசாய நிலத்தில் பெரும்பாலும் அப்படிக் கட்டாயம் இல்லை.

கணக்கு எளிது. நிலம் 10 லட்சம் டாலர் பெறும், கட்டுப்பாடு விழுந்தபின் 6 லட்சம்தான் பெறும் என்றால் ஈஸ்மென்ட்டின் மதிப்பு 4 லட்சம். தானமாகக் கொடுத்தால் ஆண்டு வருமானத்தில் 50 சதவீதம் வரை கூட்டரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்தில் வருபவருக்கு வரம்பு 100 சதவீதம். பணமாக வேண்டுமென்றால் கூட்டரசு வேளாண் துறையின் திட்டம் பொதுவாக மதிப்பில் பாதி வரை தரும். மீதி மாநிலம், கவுன்ட்டி (மாவட்டம் போன்றது), டிரஸ்ட் என்று பல இடங்களிலிருந்து சேர வேண்டும். சட்டென்று நடக்காது.

கோட்டை விடும் முதல் இடம் அடமானம். நிலத்தின்மேல் கடன் இருந்தால், தன் பாத்தியதை ஈஸ்மென்ட்டுக்குப் பின்னால்தான் என்று வங்கி எழுதிக் கொடுத்து, அது தானம் முடியும்போதே நடப்பில் இருக்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் வரிச்சலுகை போய்விடும். காரணம் நியாயமானதுதான்: கடன் கட்டாமல் நிலம் ஏலத்துக்குப் போனால், முந்தைய அடமானம் பிந்தைய ஈஸ்மென்ட்டை அடித்துக்கொண்டு போய்விடும். வில்லங்கம் பார்க்கும்போதே கனிம உரிமை யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். பழைய நிலங்களில் அது வேறொருவர் பெயரில் இருப்பது சகஜம். மதிப்பீட்டு அறிக்கை, தானத் தேதிக்கு 60 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வரிக் கணக்கோடு, பணமல்லாத தானத்துக்கான 8283 படிவமும் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் வாசகத்தில்தான். 'விவசாயக் கட்டடம் அனுமதி' என்று மொட்டையாக எழுதினால் கல்யாண மண்டபமும் களஞ்சியம் என்ற பெயரில் எழும்பும். ரொம்ப இறுக்கினால் பண்ணையே முடங்கும். வேளாண் துறைப் பணம் வாங்கினால் கூரையும் தார்த்தளமும் சேர்ந்து பொதுவாக நிலத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 100 ஏக்கருக்கு 2 ஏக்கர். இன்றைக்குச் சோளம் போடுகிறவருக்கு இது தாராளம்; மகன் பசுமைக்குடில் போட ஆசைப்பட்டால் போதாது. விலக்கு கேட்கலாம், ஆனால் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு வீட்டுக்கு இடம் வேண்டுமென்றால் அதையும் வரைபடத்தில் அளந்து குறித்துவிடுங்கள்.

அடுத்தது அடிப்படை அறிக்கை, அதாவது தானம் கொடுக்கும்போது நிலம் எப்படி இருந்தது என்ற பதிவு. கொட்டகை எங்கே, வண்டிப்பாதை எவ்வளவு அகலம், ஓடைக்கரையில் எந்த மரம் என்று படத்தோடு பதிய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் நின்ற புள்ளி, கேமரா பார்த்த திசை, தேதி மூன்றும் இருந்தால்தான் அதே இடத்தில் நின்று பின்னால் ஒப்பிட முடியும். இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். டிரஸ்ட் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பது இதை வைத்துத்தான். மீறல் பெரும்பாலும் எழுதிக் கொடுத்தவரிடம் வருவதில்லை. அவரிடம் வாங்கியவரிடம் வருகிறது. அப்போது வழக்காடப் பணம் வேண்டும். அதனால்தான் தானம் கொடுப்பவரிடமே டிரஸ்ட் பராமரிப்பு நிதியும் கேட்கிறது. கேட்காத டிரஸ்ட்தான் எனக்குச் சந்தேகம்.

பங்கு போட்டால் போட்ட பணத்தைப்போல் நாலு மடங்கு வரிக்கழிவு என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பங்குதாரர் கூட்டு மூலம் செய்யும் இத்தகைய தானங்களில், முதலீட்டின் இரண்டரை மடங்கைத் தாண்டும் கழிவை, சில விதிவிலக்குகள் தவிர, 2022 இறுதியில் வந்த சட்டம் மறுத்துவிட்டது.

டிரஸ்ட் கலைந்துபோனால் பொறுப்பு யாருக்கு என்பதையும் பத்திரத்திலேயே பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். பெயர் போடுமுன் அந்த அமைப்பின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.