பிராக் நகரில் ஒரு குறும்பகல்

டிசம்பர் கடைசி வாரத்தில் செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில் காலை 8 மணிக்குத்தான் பொழுது விடிகிறது. மாலை 4 மணிக்கெல்லாம் சாய்ந்துவிடுகிறது. எட்டு வயது மகளையும், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்தப் பகலுக்குள் அலைய முடியாது என்பதால் கடிகாரம், பாலம், கோட்டை என்பதோடு நானும் கணவரும் பட்டியலை நிறுத்திக்கொண்டோம். நாங்கள் வசிக்கும் ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து பிராக் ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத் தொலைவு. வழியின் பெரும்பகுதி எல்பே ஆற்றை ஒட்டியே செல்கிறது.

பழைய நகர மண்டபத்தின் சுவரில் 1410 முதல் இருந்துவரும் வானியல் கடிகாரத்தின் முன்னால் மணிக்கு மணி கூட்டம் சேர்கிறது. 11 மணிக்கு எலும்புக்கூட்டு உருவம் கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரண்டு சிறிய சன்னல்கள் திறந்து, இயேசுவின் பன்னிரு சீடர்களும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துச் செல்ல, கடைசியில் பொற்சேவல் கூவ, எல்லாம் சற்று நேரத்தில் முடிந்துவிடுகிறது. "இவ்வளவுதானா?" என்று மகள் கேட்டது நியாயம்தான். அந்தச் சீடர்களும் பழையவர்கள் அல்லர். 1945 மே மாதச் சண்டையில் மண்டபம் தீப்பற்றியபோது முந்தைய மர உருவங்கள் எரிந்துபோனதால், 1948இல் புதிதாகச் செதுக்கி வைக்கப்பட்டவர்கள்.

என்னைக் கேட்டால், கூட்டம் கலைந்த பிறகு அதன் முகப்பைத்தான் நின்று பார்க்க வேண்டும். நடுவில் பூமி, அதைச் சுற்றி ராசிச் சக்கரம், பொன்னிறச் சூரியன் ஒரு முள்ளிலும், பாதி வெள்ளியும் பாதி கறுப்புமாகத் தானே சுழன்று வளர்பிறை தேய்பிறை காட்டும் நிலவு இன்னொரு முள்ளிலும் நகர்கின்றன. ரோமானிய எண்கள் இன்றைய மணியைக் காட்டுகின்றன. அவற்றுக்கும் வெளியே உள்ள கரிய வளையத்தில் 1 முதல் 24 வரையிலான எண்கள் பழைய செக் கணக்கு. அதன்படி முந்தைய நாள் சூரியன் மறைந்ததிலிருந்தே நேரம் எண்ணப்படும் என்பதால், காலை 11 மணிக்குச் சூரிய முள்ளின் நுனியிலுள்ள பொற்கை ஏறத்தாழ 19இல் நின்றது. இவை போதாதென்று, உள்ளே வளைகோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன. எட்டு மணி நேரமே நீளும் டிசம்பர் பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 40 நிமிடம்தான். அதே பங்கு ஜூன் மாதத்தில் 80 நிமிடத்தைத் தாண்டிவிடும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நம் நாழிகை எப்போதும் 24 நிமிடம், அது உதயத்திலிருந்து எண்ணப்படும், இவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள் என்று பேத்திக்கு விளக்கத் தொடங்கியவரை, குளிர் தாங்காத அம்மாதான் கையைப் பிடித்து நகர்த்தினார்.

மண்டபத்தின் அருகே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்து 1620இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற கிளர்ச்சியின் தலைவர்கள் 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சூடான ஒயின் குவளையுடன் பலர் அவற்றை மிதித்தே கடந்துகொண்டிருந்தார்கள்.

பகல் உணவுக்குப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும். சைவர்களுக்கு அங்கே அதுதான் கதி. பூண்டு சூப் நன்றாக இருக்கும் என்றாலும், இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வல்தாவா ஆற்றில் முன்பிருந்த பாலத்தை 1342 வெள்ளம் கொண்டுபோக, மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் கட்டத் தொடங்கிய கற்பாலம்தான் சார்லஸ் பாலம். நீளம் 516 மீட்டர். இரு மருங்கிலும் உள்ள முப்பது சிலைகளில் பல இன்று நகல்களே. நெப்போமுக் நகர ஜான் என்ற குருவை 1393இல் ஆற்றில் தள்ளிக் கொன்ற காட்சியைக் காட்டும் வெண்கலப் பலகை மட்டும், தொட்டால் நல்லது நடக்கும் என்று வருவோர் எல்லாரும் தடவித் தடவிப் பளபளக்கிறது. அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டார்.

கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயம் 1344இல் தொடங்கி, இடையில் போர்களால் நின்று, 1929இல்தான் நிறைவெய்தியது. ஆகவே நாம் அண்ணாந்து பார்க்கும் முன்புற இரட்டைக் கோபுரங்கள் பிற்காலத்தவை. உள்ளே ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வடிவமைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னலைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு 22ஆம் எண் டிராமில் இறங்கி, மானேஸ் பாலத்தைக் கடந்தோம்.

மறுகரையில் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் இருக்கிறது. 1348இல் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஒரே வேண்டுகோள். தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927இல் இதே நகரில் பிறந்து, தமிழ் கற்று, அங்கே தமிழ் கற்பித்து, 1968இல் சோவியத் படைகள் நுழைந்த பின் நாட்டைவிட்டு வெளியேறியவர். விடுமுறைக்காகப் பூட்டியிருந்த வாயிலின் முன் நின்று அப்பா படம் எடுத்துக்கொண்டார். "அவருக்கு யார் தாத்தா தமிழ் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று மகள் கேட்டாள். ரயில் ஜெர்மன் எல்லையைத் தாண்டும் வரை பேச்சு அதைப் பற்றியே இருந்தது.