நீங்களும் அரசாங்கம்தானே

உணவுண்ணல் கோளாறுள்ள ஒரு பெண்பிள்ளையின் தாய்க்கு, அரச சுகாதாரச் சேவையின் தாதியாக நான் சொன்ன பதில் சிகிச்சை நெறிப்படி சரியானதுதான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனாலும் அதை எதற்காகச் சொன்னேன் என்ற கேள்வி என்னை விடவில்லை.

மகள் ஆறாம் ஆண்டில் படித்தபோது, இங்கிலாந்துப் பள்ளிகளில் நடக்கும் தேசிய அளவீட்டுத் திட்டத்தின்படி உயரமும் நிறையும் பார்த்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தை அவர் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. அதை மேசையில் விரித்துவிட்டுக் கேட்டார்: "இதை அனுப்பினது அரசாங்கம். மெனுவில கலோரி போடச் சொன்னதும் அரசாங்கம். அதைப் பாக்க விடாதேங்கோ எண்டு நீங்கள் சொல்லுறியள். நீங்களும் அரசாங்கம்தானே, தங்கச்சி? நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

"காரணம் தேடுறதை இப்ப விடுவம், அக்கா, இண்டைக்கு இரவு அவ என்ன சாப்பிடவேணும் எண்டு கதைப்பம்" என்றேன். குடும்பம் சார்ந்த சிகிச்சையின் அடிப்படை அதுதான்: நோய்க்கு யாரையும் குற்றம் சொல்லாமல், உணவுப் பொறுப்பைப் பெற்றோர் கையில் எடுக்க உதவுவது. தன்னையே நொந்துகொண்டிருக்கும் தாயால் மகளின் தட்டுக்கு முன் உறுதியாக உட்கார முடிவதில்லை என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு கடிதம் மட்டுமே ஒரு பிள்ளையை இந்த நோயில் தள்ளிவிடும் என்றும் நான் எண்ணவில்லை. பரம்பரை, மனநிலை, சூழல் எனப் பலவும் சேர்ந்தே அது வருகிறது. ஆனால் அவர் அன்று தன்னைக் குற்றம் சொல்லவில்லை, ஒரு கொள்கையைப் பற்றிக் கேட்டார். பெற்றோரைக் காப்பதற்காக வந்த நெறி, என் வாயில் அரசாங்கத்தைக் காப்பாற்றிவிட்டது.

கேள்வி நியாயமானது. 2022 ஏப்ரல் 6 முதல், 250 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் உணவு நிறுவனங்கள் இங்கிலாந்தில் பட்டியலில் கலோரி அளவைக் காட்டவேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் எண்கள் இல்லாத பட்டியலைக் கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது; கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. எண்ணைக் கண்டதும் மனதுக்குள் கூட்டத் தொடங்கும் பதின்வயதுப் பிள்ளை, பரிமாறுபவரிடம் வாய்விட்டு அதைக் கேட்பாள் என்று எதிர்பார்ப்பது கொடுமை. எங்களுக்கோ, உடல்நிறைச் சுட்டெண்ணை (பிஎம்ஐ) மட்டும் வைத்துச் சிகிச்சை கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கக் கூடாது என்பது சிகிச்சை நெறிகளை வகுக்கும் தேசிய நிறுவனமான நைஸின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல்; அவசரமென்றால் ஒரு வாரத்திலும் மற்றவர்களுக்கு நான்கு வாரத்திலும் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது இலக்கு. எல்லாம் ஒரே சுகாதார அமைப்பின் வார்த்தைகள்.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். சிறுவர் உடற்பருமன் உண்மையான துன்பம், அளக்காமல் அதற்குத் திட்டமிட முடியாது. ஆனால் அளப்பது வேறு, அளந்ததை வீட்டுக்கு எழுதி அனுப்புவது வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிடலாம் என்பதே என் எண்ணம்.

புறப்படும்போது இளைய மகனைப் பற்றிக் கேட்டார்: "இவனுக்கும் இந்த வருசம் நிறை பாப்பினமாம். விடட்டோ, வேண்டாமோ?" விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று மட்டும் சொன்னேன். சேவையில் இருந்துகொண்டு அரசின் திட்டத்துக்கு எதிராகப் பெற்றோரைத் திருப்புவது என் வேலையல்ல என்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். நோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதே கடிதம் இன்னொரு முறை வருவதால் யாருக்கு நன்மை என்று மற்றப் பாதி கேட்கிறது. அவர் திரும்பக் கேட்டால், மறுப்பைத் தெரிவித்துவிடுங்கள் என்றே சொல்வேன் போலிருக்கிறது. அதைத் தாதியாகச் சொல்வேனா, பிள்ளை பெற்றவளாகச் சொல்வேனா என்பதைத்தான் என்னால் பிரித்தறிய முடியவில்லை.