புது கிராங்கும் பழைய எண்ணெய் வழியும்

பழைய ராயல் என்ஃபீல்டு 350 புல்லட் 'அடியில் தட்டுது' என்று பட்டறைக்கு வந்தால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கை மாற்றிவிடலாம் என்றுதான் பேச்சு தொடங்கும். மாற்றலாம்தான். ஆனால் பழைய கிராங்க் ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் புதியதை உள்ளே வைத்தால், அதே தட்டல் திரும்பி வரும். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பட்டறைகளில் இந்த எஞ்சினோடு பழகிய ஆசான்மார் கிராங்க் விலையைக் கேட்பதற்கு முன்னால் எண்ணெய் வடிக்கும் திருகைக் கழற்றுவதற்குக் காரணம் இதுதான்.

1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்த பிறகு, அதே ஆங்கில எஞ்சின்தான் திருவொற்றியூரிலும் உருவானது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சி.சி. உள்ளே இரண்டு கனத்த ஃபிளைவீல், அவற்றை இணைக்கும் கிராங்க் பின், அதன் மேல் கனெக்டிங் ராடு. பழைய மாடல்களில் பின்னுக்கும் ராடுக்கும் நடுவே ஒரு மிதக்கும் புஷ் உண்டு. அது கிராங்க் பின்னின் மேலும் சுழலும், ராடுக்குள்ளும் சுழலும். அதன் இரு பக்கமும் எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் முதலில் சாவது இந்தப் புஷ்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. உரிமையாளர் கல்ஃபுக்குப் போயிருப்பார், வண்டி சாய்ப்பில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. குளச்சல் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். நிற்கும் வண்டியில் எண்ணெய் மெல்லக் கசிந்து, கிராங்கைச் சுற்றியிருக்கும் கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். எண்ணெயில் மூழ்கிய பகுதி பளபளவென்று இருக்கும், மேலே இருந்த பகுதி துருப்பிடித்திருக்கும். மெயின் பேரிங்கில் பொட்டுப்பொட்டாக அரிப்பு இருந்தால், கிராங்க் நன்றாக இருந்தாலும் பேரிங்கை விட்டுவைக்கக் கூடாது.

தட்டல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். பிஸ்டன் தட்டல் குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் அடங்கும். பிக் எண்டு (ராடு கிராங்க் பின்னைப் பிடிக்கும் கீழ் முனை) தட்டல் அதற்கு நேர்மாறு, சூடேறி எண்ணெய் இளகியதும் கூடும். ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி லேசாகத் திறக்கும்போது கனமாக, அடியிலிருந்து வரும். சிலிண்டரைக் கழற்றிய பின் பிஸ்டனை மேல் நிலையில் வைத்து ராடை நேராக மேலே இழுத்துக் கீழே அழுத்திப் பார்க்க வேண்டும். கையில் ஆட்டம் தட்டவே கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. அதைப் பார்த்து மிரண்டு நல்ல கிராங்கைத் தூக்கி எறிவோரும் உண்டு. வடித்த எண்ணெயில் வெள்ளிப்பொடி போல மின்னுவது புஷ்ஷின் உலோகம்.

கழற்றும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பிரைமரி பக்கத்தில் எஞ்சின் ஸ்பிராக்கெட்டும் கிளட்சும் செயினோடு ஒன்றாகத்தான் வரும். எதிர்ப்பக்கமான டைமிங் பக்கத்தில் எண்ணெய் பம்பைச் சுழற்றும் வோர்ம் நட்டுக்கு இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பி, ஸ்பானரில் பைப் போட்டு ஏறி நின்றால் ஷாஃப்ட்டின் மரையே போய்விடும். கிராங்க் கேஸை ஒரே சீராக 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் பேரிங் லேசாக இறங்கும். குளிர்ந்த அலுமினியத்தில் உளியால் அடித்தால் பேரிங் உட்காரும் வீடு பெருத்துப் போகும், அப்புறம் புதுப் பேரிங் நிற்காது.

கடையில் கோர்த்தே கிடைக்கும் புது கிராங்கை வாங்குவதா, பழைய ஃபிளைவீலுக்குப் புதுப் பின், புஷ், ராடு போடுவதா என்பது அடுத்த கேள்வி. ஃபிளைவீலில் கிராங்க் பின் உட்காரும் துளை கெடாமல், ஷாஃப்ட் மரையும் சாவிப் பள்ளமும் நன்றாக இருந்தால் பழையதையே காப்பாற்றுவது நல்லது. பேலன்ஸ் மாறாது. புது ராடு பழையதைவிடக் கனமாக இருந்தால் அதிர்வு மாறும். தராசில் இரண்டையும் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். புதுப் பின் பிரஸ் இல்லாமலேயே கையழுத்தத்தில் உள்ளே போனால் அந்த ஃபிளைவீல் முடிந்தது. நட்டை இறுக்கி அதைச் சரிக்கட்ட முடியாது.

இனிதான் உயிர்நாடி. எண்ணெய் டைமிங் ஷாஃப்ட்டின் முனை வழியாக நுழைந்து, ஃபிளைவீலுக்குள் போய், கிராங்க் பின்னின் துளை வழியாகப் புஷ்ஷுக்கு வருகிறது. பின்னைப் பிரஸ்ஸில் ஏற்றும்போது அதன் துளையும் ஃபிளைவீல் துளையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் வழி அடைபடும். எவ்வளவு நல்ல எண்ணெய் ஊற்றினாலும் பிக் எண்டுக்குப் போகாது. எனவே நட்டை இறுக்குவதற்கு முன்பே ஷாஃப்ட் முனையில் சிரிஞ்சு வைத்து எண்ணெயை அழுத்த வேண்டும். ராடின் இரு பக்கமும் கசிந்து வந்தால்தான் அடுத்த வேலை. டைமிங் கவரில் ஷாஃப்ட் முனையைத் தழுவும் கார்க் சீலும் இதே வழியின் பகுதிதான். மலிவான பொருள் என்பதால் பழையதையே மறுபடி போட்டுவிடுகிறார்கள். அங்கே எண்ணெய் ஒழுகினால் பிக் எண்டு பட்டினிதான்.

அடுத்தது நேராக்குவது. இரண்டு ஷாஃப்ட்டின் மையத்தையும் லேத்தின் சென்டரில் பிடித்து டயல் கேஜ் வைக்க வேண்டும். 0.05 மி.மீ.க்கு மேல் ஓட்டம் (சுழலும்போது மையம் விலகும் அளவு) இருந்தால் கிராங்க் கேஸுக்குள் வைக்கவே கூடாது; 0.025-க்குள் கொண்டுவருவதுதான் நல்ல வேலை. பிழை இரண்டு வகை. ஒரு ஃபிளைவீல் மற்றதைவிடத் திருகி நின்றால், பின்னுக்கு 90 டிகிரி தள்ளி இரண்டு விளிம்பின் மேலும் நேர்கோல் வைத்தால் தெரியும். முந்தி நிற்கும் விளிம்பைச் செம்புச் சுத்தியலால் தட்ட வேண்டும். இரண்டு ஃபிளைவீலும் ஒரு பக்கம் வாய் பிளந்து நின்றால், கிராங்க் பின் இருக்கும் பக்கத்து இடைவெளியையும் எதிர்ப்பக்கத்து இடைவெளியையும் அளந்து ஒப்பிட வேண்டும். எதிர்ப்பக்கம் விரிந்திருந்தால் கிளாம்ப் போட்டு நெருக்கலாம், குறுகியிருந்தால் ஆப்பு வைத்து விரிக்கலாம். நட்டைக் கடைசியாக இறுக்கிய பின் மறுபடி அளப்பது கட்டாயம், ஏனெனில் இறுக்கும் அழுத்தமே ஃபிளைவீலை நகர்த்தும். கோர்த்து வந்த புது கிராங்குக்கும் இதே சோதனை உண்டு. பெட்டிக்குள் இருந்தது என்பதால் நேராக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கிராங்க் கேஸின் இரு பாதிக்கும் நடுவே பேக்கிங் கிடையாது, மெல்லிய ஒட்டுப் பசை மட்டும். பட்டையாகத் தடவினால் அது உள்ளே பிதுங்கி எண்ணெய் வழியை அடைக்கும். இறுக்கிய பின் கிராங்க் ஒரே சீராகச் சுழல வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் பிரித்துக் காரணம் பார்க்க வேண்டும், ஓட ஓடச் சரியாகும் என்பது ஏமாற்று. பிஸ்டன் பின்னைக் கோர்த்து, சிலிண்டர் உட்காரும் பரப்பில் இரண்டு சமமான கட்டை வைத்து அதன் மேல் பின்னை இறக்கினால், ராடு வளைந்திருப்பது அப்போதே தெரியும்.

ஃபில்டர் அறையை நிரப்பாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. புது ஃபெல்ட் (கம்பளி வடிகட்டி) போட்ட அறை காலியாக இருக்கும், அது நிரம்பும் வரை பிக் எண்டுக்குச் சொட்டு எண்ணெய் போகாது. எண்ணெயை ஊற்றி நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாகப் பல முறை மிதிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் டைமிங் கவரின் ஃபீட் பக்கத்துச் சோதனைத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் எண்ணெய் வருவது கண்ணுக்குத் தெரியும். வராவிட்டால் உடனே அணைக்க வேண்டும். மேலே வால்வை இயக்கும் ராக்கரில் எண்ணெய் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட முடியாது. அது திரும்பி வரும் எண்ணெயில் கிடைப்பது, பிக் எண்டுக்கு அது சாட்சி ஆகாது.

பிறகு ஓட்டும் விதம். முதல் 500 கி.மீ. வேகத்தைக் குறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிக் எண்டை அதிகம் வருத்துவது குறைந்த சுழற்சியில் திணறும் எஞ்சின். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்திலும், ஆரல்வாய்மொழி எதிர்க்காற்றிலும் டாப் கியரிலேயே இழுக்க விடாமல் முன்கூட்டியே கியரைக் குறைக்க வேண்டும். 500 கி.மீ. முடிந்ததும் சூடான எஞ்சினில் எண்ணெயை வடித்து, ஃபெல்ட்டையும் எடுத்து வெள்ளைத் துணியில் பிழிந்து பார்க்க வேண்டும். லேசான சாம்பல் நிறம் பயமில்லை. வெள்ளிப்பொடி மின்னினால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, மறுபடி சிரிஞ்சு சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.