அம்மா, கொப்பரை, டெல்லி விமானம்

டெல்லியில் இருக்கும் தங்கைக்கு ஜனவரியில் வளைகாப்பு. அம்மாவுக்கு 68 வயது, அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. வேலை விஷயமாக நாலைந்து முறை போய்வந்த தெம்பில் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாகப் போவது வேறு, அம்மாவோடும் அவர் கட்டும் மூட்டைகளோடும் போவது வேறு என்பது டிக்கெட் போடும்போதே தெரிந்துவிட்டது.

முதலில் இனிஷியல் வம்பு. இணையதளம் 'லாஸ்ட் நேம்' கேட்கும், நமக்கு ஏது அது? நான் அப்பா பெயரை முழுதாக அடித்துவிட்டேன். அம்மாவின் ஆதாரிலோ வெறும் ஓரெழுத்து. அன்று மாலையே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன், ஆதாரில் உள்ளபடி மாற்றிக் கொடுத்தார்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் போட்ட டிக்கெட் என்றால், 24 மணி நேரத்துக்குள் சொன்னால் இப்படிப் பெயர் திருத்துவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விதி. ஆகவே டிக்கெட் போட்ட கையோடு அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

அதே நேரத்தில் நான் பார்க்கத் தவறியது மொபைல் எண். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூட்டை கட்டுவது இரண்டு நாள் நடந்தது. ஆளுக்கு 15 கிலோ லக்கேஜில் போடலாம், பெரும்பாலும் ஒரே பெட்டியாக இருக்க வேண்டும். கையில் 7 கிலோ. வீட்டில் எடை மெஷின் இல்லாததால் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் பெட்டியை வைத்தோம், அம்மா பெட்டி 19 கிலோ! அரிசி அப்பளக் கட்டும் பித்தளைக் குத்துவிளக்கும் வெளியே வந்தன. டெல்லியில் அரிவாள்மனை கிடைக்காது என்று அதை விடமாட்டேன் என்றார். அது லக்கேஜில் மட்டும்தான் போகலாம், துணி சுற்றி அடியில் வைத்தேன். எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாயையும் கைப்பையில் விடமாட்டார்கள் என்று இரட்டைக் கவர் போட்டுப் பெட்டிக்குள் தள்ளினேன். கண்ணாடி வளையல்களை மட்டும் பழைய புடவையில் சுற்றிக் கைப்பையில் வைத்தோம். இத்தனை கவனத்துக்கு நடுவே இரண்டு தவறு நடந்தது. என் பவர் பேங்க் பெட்டியிலேயே தங்கிவிட்டது. அம்மா எனக்குத் தெரியாமல் நாலு மூடிக் கொப்பரையைப் புடவை மடிப்பில் செருகியிருந்தார்.

இரவு ரயிலில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது, டாக்சி செலவு மிச்சம். ஆனால் சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 1, டெர்மினல் 4 என்று இரண்டு உண்டு. நான் டிக்கெட்டைப் பார்க்காமல் 4-க்கு முன்னால் போய் நின்றேன். வாசலில் இருந்த சிஐஎஸ்எஃப் காவலர் 1-க்குப் போகச் சொன்னார். ஒரே வளாகம்தான், இருந்தாலும் இரண்டு பெட்டியோடு முட்டிவலிக்கார அம்மாவை நடக்க வைத்தது என் தப்பு.

கவுன்ட்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தோம். அந்த அவகாசம்தான் காப்பாற்றியது. பெட்டியை ஸ்கேன் செய்தவர்கள் கூப்பிட்டார்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கையில் இருக்கும்போது அணைக்கலாம், சரக்கு அறையில் முடியாது. அதனால் பவர் பேங்க் கைப்பைக்கு மாறியது. கொப்பரைக்கு இரண்டிலும் இடமில்லை. "தேங்காய் என்னப்பா செய்யும்?" என்று அம்மா வாதாடினார். எண்ணெய்ப் பசை அதிகம், தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்று அந்தப் பெண் காவலர் பொறுமையாக விளக்கினார். அம்மா நம்பவில்லை.

அப்புறம் காத்திருப்பு. டெல்லியில் பனிமூட்டம், விமானம் தாமதம். சென்னை 'சைலன்ட்' விமான நிலையம், போர்டிங் அறிவிப்புகளை ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. குறுஞ்செய்தி வரும் என்று நான் நிம்மதியாக இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். என் கணக்கில் பதிவாகியிருந்ததோ பழைய அலுவலக எண்! தாமதம், கேட் மாற்றம் எல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. தற்செயலாகத் திரையைப் பார்த்ததால் தப்பித்தோம், புது கேட் அந்தக் கோடியில் இருந்தது. தாமதம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியதும் சாப்பாடு கேட்டேன், கொடுத்தார்கள். கேட்காதவர்களுக்குக் கிடைத்த மாதிரி தெரியவில்லை. பனிக்காலத்தில் டெல்லிக்குக் காலை விமானம் எடுத்தது என் புத்திசாலித்தனம். மதியத்துக்கு மேல் எடுத்திருக்க வேண்டும்.

விமானத்துக்குள் அம்மா பயப்படவே இல்லை. முறுக்குப் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதைக் காட்டி ஏன் என்றார். உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும் என்றேன். "அதான் குளிருது" என்றார். குளிர் ஏசியால் என்று நான் திருத்தவில்லை. காது அடைப்பது இறங்கும்போதுதான் அதிகம். டெல்லி வருவதற்கு அரை மணி முன்னால் எழுப்பி, வாயில் புளிப்பு மிட்டாய் போட்டுவிட்டேன். எச்சில் விழுங்க விழுங்க அடைப்பு விட்டுவிடும்.

வீல்சேர் வேண்டாம் என்று சென்னையிலேயே மறுத்திருந்தார், "நான் என்ன நோயாளியா?" டெல்லி டெர்மினல் 3-இல் நடந்து நடந்து பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து பதிந்துவைத்தேன். பணம் கேட்கவில்லை. சோதனை வரிசையிலும் தனி வழியாகக் கூட்டிப் போனார்கள், வீல்சேர் தள்ளிய பையனோடு ஒட்டிக்கொண்டு நானும் போய்விட்டேன்.

ஊர் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அம்மா முதலில் சொன்னது விமானத்தைப் பற்றி இல்லை. "நாலு மூடி கொப்பரை, பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க."