கடாவுக்கு முன்னால் கத்தி

"டேய், ஆட்டுக்கு முன்னாடி தீட்டாதே. பின்கட்டுக்குப் போ."

பக்ரீத் பெருநாள் தொழுகை முடிந்து குர்பானிப் பலி அறுக்க வந்த பள்ளிவாசல் மோதினார் வாசலிலேயே போட்ட சத்தம். சாணைக்கல்லோடு உட்கார்ந்திருந்த தம்பி மகன் எழுந்து ஓடினான்.

கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்குச் சிரமம் தராதீர்கள் என்பது நபிமொழி. ஆனால் அது பார்க்கத் தீட்டக் கூடாது. ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுப்பதும் மக்ரூஹ், வெறுக்கத்தக்கது.

கடாவை இடப்பக்கமாக, மக்கா இருக்கும் கிப்லா திசை பார்க்கக் கிடத்தினார்கள். மோதினார் அதன் தாடையை இடது கையால் மெதுவாகத் தூக்கிப் பிடித்தார்.

பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்.

துடிப்பு அடங்கும்வரை தோலில் கைவைக்க யாரையும் விடவில்லை.

அப்புறம் வழக்கமான வாக்குவாதம். நாங்கள் ஹனபி, கீழக்கரை மச்சான் ஷாபிஈ; இரண்டும் மத்ஹப் எனப்படும் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள். மூச்சுக்குழல், உணவுக்குழல், இரண்டு ரத்தக்குழாய்கள், இந்த நான்கில் குறைந்தது மூன்று அறுபட வேண்டும் என்பது எங்கள் மத்ஹப். முதல் இரண்டும் முழுதாக அறுந்தால் போதும் என்பது அவருடையது. அறுக்கும்போது இறைவன் பெயர் சொல்லும் பிஸ்மியை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டால் எங்களுக்கு அந்தக் கறி ஹராம், சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு பிஸ்மி சுன்னத்துதான், நபிவழி நல்லது, ஆனால் கட்டாயமில்லை. மறந்துபோனால் இரண்டு பக்கமும் மன்னிப்பு உண்டு.

இவ்வளவு நுணுக்கம் பேசுகிறோமே மச்சான், சந்தையிலிருந்து காலைக் கட்டி, வண்டியில் அடைத்து, தண்ணீர்கூடக் காட்டாமல் கொண்டுவருகிறார்களே, அது எந்த மத்ஹபில் சேர்த்தி என்று கேட்டேன்.

கறி வேகட்டும், பேசலாம் என்கிறார்.