அம்மாவைக் காணோம்

கிருஷ்ணகிரி பக்கம் எங்க ஊர். ஆறாவது படிக்கும்போது ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தா வீடு தொறந்து கெடக்கு. அம்மா இல்ல. களிக்கு ஒல வெச்ச பானை அடுப்புல, துடுப்பு பக்கத்துல, செருப்பு வாசல்ல அப்படியே.

முந்தின ராத்திரிதான் கன்வென்ஷன்ல பிரசங்கம்: எக்காளம் தொனிக்கும், இமைப்பொழுதுல விசுவாசிங்க எல்லாம் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவாங்கன்னு. அவ்ளோதான், இயேசுவோட இரகசிய வருகை முடிஞ்சுது, நான் கைவிடப்பட்டுட்டேன்! அழுதுட்டே பாஸ்டர் ஐயா வீட்டுக்கு ஓடினேன். லுங்கியோட சைக்கிளுக்கு எண்ணெ விட்டுட்டு இருந்தார். அப்பாடான்னு இருந்துச்சு. (அவரும் விடுபட்டிருக்கலாமேன்னு அப்போ தோணல.)

கரண்ட் வந்துருச்சுன்னு அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் ராகி அரைக்க வெறுங்காலோட மில்லுக்கு ஓடியிருக்காங்க. “ஏந்திரம் அரைக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவா”ன்னு மத்தேயு 24-ல இருக்கு. இங்க ரெண்டு பேரும் முகமெல்லாம் மாவோட திரும்பி வந்தாங்க.

பெரியவனானப்புறம்தான் தெரிஞ்சுது, உலக முடிவுல வரும்னு சொல்ற உபத்திரவ காலத்துக்கு முன்னாடியே சபை எடுத்துக்கொள்ளப்படும்ங்கிற போதனை பரவினதே 1830-களுக்கு அப்புறம், டார்பிங்கிற பிரசங்கியார் வழியாத்தான். கத்தோலிக்கர்கள் அப்படிப் போதிக்கிறதே இல்ல. அந்த வருகைக்கு 2011 மே 21-னு தேதியே குறிச்சார் அமெரிக்காவுல ரேடியோ பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங். அந்த நாள் பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு சொல்ற அதே மத்தேயு 24, 36-ஆவது வசனத்தை எப்படித்தான் தாண்டிப் போனாரோ.

இப்பவும் அம்மா போன் எடுக்கலைன்னா, பாஸ்டர் ஐயாவுக்குத்தான் அடுத்த கால்.